ஒரு மிஸ்டு கால், ஒரு கேன்

வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மென்பொருள் எழுதவெல்லாம் எனக்குத் தெரியாது. நம் கம்பெனியின் பில் போடும் மென்பொருளைக் கடைகளுக்குக் கொண்டுபோய், கடைக்காரருக்குச் சொல்லிக்கொடுத்து, ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு வருவதுதான் என் பிழைப்பாக இருந்தது. குரோம்பேட்டையிலிருந்து பெருங்களத்தூர் வரை என் ஸ்கூட்டர் போகாத சந்து கிடையாது. முழங்கால் இரண்டும் தேய்ந்த பிறகு அஸ்தினாபுரத்தில் வீட்டோடு உட்கார்ந்துவிட்டேன். அதனால் எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்று இதில் தேடாதீர்கள். அதைச் சொல்ல உங்களுக்கு வீடியோ இருக்கிறது.

நான் எழுத வந்தது களைப்பைப் பற்றி. சின்ன வியாபாரம் செய்கிற முதலாளிகளின் களைப்பு. சொந்தத் தொழில், யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டாம் என்று மாதச் சம்பளக்காரர்கள் அவர்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும். ஷட்டர் சாவி எங்கே என்பதிலிருந்து டீக்குச் சர்க்கரை தீர்ந்துவிட்டது என்பது வரைக்கும் அவரைத்தான் கேட்பார்கள். "அண்ணனைக் கேட்டுச் சொல்றேன்" என்ற வாக்கியத்தை நான் நுழைந்த எல்லாக் கடைகளிலும் கேட்டிருக்கிறேன். நாலு பேர் வேலை செய்கிற கடையில் மூளை மட்டும் ஒருவருடையது, அந்த ஒன்றுக்கும் ஓய்வு கிடையாது. இதை மாற்றத்தான் நம்மைக் கூப்பிடுகிறார்கள். நாம் என்ன செய்கிறோம் என்றால், பல நேரம், அவர் தலையில் இன்னும் ஒரு மூட்டையை ஏற்றிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வருகிறோம். கோபத்தோடுதான் சொல்கிறேன்.

தனசேகர் என்று ஒருவர். எல்லோருக்கும் தனா அண்ணன். இரும்புலியூர்க்காரர், பூர்வீகமாக விவசாயக் குடும்பம். நிலமெல்லாம் மனையாகி, பங்கு பிரித்ததில் அவருக்கு ஒரு வீடும் பக்கத்தில் ஒரு ஷெட்டும் வந்தன. ஷெட்டில் தண்ணீர் கேன் வியாபாரம் வைத்தார். இரண்டு லோடு ஆட்டோ, ஓட்டுவதற்கு இரண்டு ஆட்கள். இரும்புலியூரிலும் சேலையூர்ப் பக்கமும் ஏகப்பட்ட வீடுகளுக்கு அவர்தான் தண்ணீர். மனைவி கலா, பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள். இவ்வளவுதான் குடும்பம்.

அவர் ஆர்டர் எடுக்கும் முறையைக் கேளுங்கள். வாடிக்கையாளர் ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் ஒரு கேன். இரண்டு கொடுத்தால் இரண்டு கேன். போனில் பேசக் காசு போன காலத்தில் ஆரம்பித்த பழக்கம் அது. இப்போது பேச்சு இலவசமாகிவிட்டது, பழக்கம் போகவில்லை. தப்பித்தவறி தனா எடுத்துவிட்டால் அந்தப் பக்கம் கோபம் வரும். "ஏம்ப்பா எடுக்கறே? தண்ணிக்குத்தானே அடிச்சேன்" என்பார்கள்.

எந்த வீடு என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். போனை என்னிடம் நீட்டினார். பெயர்களைப் பார்த்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. 'நாய் வூடு', 'நாய் வூடு 2', 'சிரிக்காத மாமி', 'லிஃப்ட் இல்லாத டீச்சர்', 'கேட் ஒடஞ்சது', 'மாடி மிலிட்டரி'. கேட் உடைந்த வீட்டில் புதுக் கேட் போட்டு வருஷக்கணக்காகிறது. ஒரு நாய் செத்தே போய்விட்டது.

"இன்னா மேடம் சிரிக்கிறீங்க? எனுக்குப் புரிஞ்சா போதாதா?"

"உங்களுக்கு மட்டும் புரிஞ்சா போதுமா அண்ணே? நாளைக்கு உங்களுக்கு ஒரு காய்ச்சல்னா?"

"காச்சல் வந்தாலும் காது கேக்கும்ல" என்றார்.

நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தார். அந்தப் போன் குளியலறைக்குள் போனது, கோயிலுக்குள் போனது, மகள் பள்ளி ஆண்டு விழாவில் ஆடியபோது அரங்கத்துக்கு வெளியே அவரோடு நின்றது. ஒவ்வொரு மிஸ்டு காலுக்கும் எந்த வண்டி பக்கத்தில் இருக்கிறது என்று யோசித்து, ஓட்டுநருக்குப் போன் போட்டு, "மூணாவது சந்து, பச்ச கேட்டு, ஒண்ணு எறக்கு" என்று வழியும் சொல்ல வேண்டும். அந்தப் பட்டப்பெயர்கள் ஓட்டுநர்களுக்குத் தெரியாது. ஒரு வண்டி அதே தெருவுக்குக் காலையில் மூன்று தடவை போய்வரும். ஏனென்றால் மூன்று வீட்டுக்காரர்களும் மூன்று வேறு நேரத்தில் மிஸ்டு கால் கொடுத்திருப்பார்கள்.

இந்த மனிதருக்குத்தான் நம் கம்பெனி ஓர் ஆப் விற்றிருந்தது. வாடிக்கையாளர்கள் அதில் ஆர்டர் போடுவார்களாம், இவர் திரையைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருப்பாராம். விற்றவர் அதோடு வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டதால், அது ஓடுகிறதா என்று பார்க்க நான் போயிருந்தேன். வாடிக்கையாளர் யாரும் ஆப் பக்கம் திரும்பவில்லை. ஒரு கேன் தண்ணீருக்கு யார் ஓடிபி அடித்துக்கொண்டிருப்பார்கள்? ஆனால் பணம் கட்டி வாங்கிவிட்டோமே என்று தனா என்ன செய்தார் தெரியுமா? வழக்கம்போல மிஸ்டு காலில் ஆர்டர் எடுத்து, வண்டிக்குச் சொல்லி, அதற்குப் பிறகு ஒவ்வொன்றையும் வாடிக்கையாளர் போட்ட மாதிரி அதே பட்டப்பெயர்களில் அவரே ஆப்பிலும் போட்டுக்கொண்டிருந்தார். தலைவலி போய்த் திருகுவலி வந்த கதை. நம் அலுவலகத்தில் அந்தக் கணக்கைப் பார்த்து, அருமையாகப் பயன்படுத்துகிற வாடிக்கையாளர் என்று பாராட்டிக்கொண்டிருந்தார்கள்.

பேசும்போதெல்லாம் அவர் ஒரு கையால் அடிவயிற்றை அழுத்திப் பிடித்திருந்தார். கலாதான் விஷயத்தைச் சொன்னாள். குடலிறக்கம். கேன் தூக்கித் தூக்கி வந்தது. ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"எப்போ பண்ணிக்கப் போறீங்க?" என்று கேட்டேன்.

"வெயில் போவட்டும் மேடம். இப்போ தண்ணிக்குச் செம டிமாண்டு."

வெயில் போனது. மழையில் ஏரியாவில் தண்ணீர் தேங்கிக் குழாயில் கலங்கலாக வந்தது, கேனுக்கு இன்னும் டிமாண்டு. "மழை வுடட்டும்" என்றார். மழை விட்டதும், "பொங்கல் போவட்டும்" என்றார். படுத்தால் போனை யார் பார்ப்பது என்பதுதான் ஒரே கேள்வி. வலியைப் பொறுத்துக்கொள்ள அவரிடம் வழி இருந்தது, போனை இன்னொருவர் கையில் கொடுக்க வழி இல்லை. ஒரு தொழிலுக்கு முறை இருக்கிறதா இல்லையா என்று பார்க்க நான் கற்றுக்கொண்ட சோதனை இது. முதலாளி நிம்மதியாக நோயில் படுக்க முடிகிறதா? முடியாதென்றால் அங்கே எத்தனை கணினி இருந்தாலும் முறை என்று ஒன்று இல்லை.

அடுத்த கோடையில் ஒரு காலை நேரம். சேலையூரில் ஒரு மருந்துக்கடையில் இருந்தேன். கலா போன் செய்தாள். "அக்கா, அவரு வாந்தி எடுத்துகினே கீறாரு. ஆஸ்பத்திரில சேத்துட்டேன். கையெழுத்துப் போட மாட்டேன்றாரு. நீங்க சொன்னா கேப்பாரு, கொஞ்சம் வாங்கக்கா."

போனேன். வயிற்றில் முட்டை அளவுக்குக் கல் மாதிரி ஒரு வீக்கம், தள்ளினால் உள்ளே போகவில்லை. குடல் உள்ளே சிக்கிக்கொண்டுவிட்டது, ரத்த ஓட்டம் நின்றால் அழுகிவிடும், உடனே திறக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த தனாவின் முகம் சாம்பலாக இருந்தது. கையில் போன். அது அடித்து அடித்து நின்றுகொண்டிருந்தது.

"டாக்டர், இந்தக் காலை ஆர்டரை மட்டும் அனுப்பிட்டு வந்துடறேன். மத்தியானம் பண்ணிக்கலாம்."

"மத்தியானம் வரைக்கும் உங்க குடல் காத்துக்கிட்டு இருக்காதுங்க."

"வெயில் நேரத்துல தண்ணி போவலன்னா வேற ஆளைப் புடிச்சுப்பாங்க டாக்டர். போனா போனதுதான்."

கலா அழுதாள், திட்டினாள், அவர் காதில் எதுவும் ஏறவில்லை. என்னைப் பார்த்ததும் அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. "மேடம், நீங்க கம்ப்யூட்டர் ஆளு. நீங்க பாத்துக்கிறீங்களா? நம்பர் எல்லாம் சேவ் பண்ணி கீது."

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். எனக்கு அந்தப் போனை வைத்து ஒரு கேன் தண்ணீர்கூட அனுப்பத் தெரியாது. மாடி மிலிட்டரி எந்த மாடியில் இருக்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்? உண்மையைச் சொன்னால் அவர் கையெழுத்துப் போட மாட்டார். அந்த நேரத்தில் அவருக்கு வேண்டியிருந்தது படுத்துக்கொள்ள யாராவது கொடுக்கிற ஒரு அனுமதி மட்டும்தான்.

"குடுங்க. நான் பாத்துக்கறேன். ஒரு வீடுகூட விட்டுப்போகாது" என்று கூசாமல் பொய் சொன்னேன். போனை வாங்கிக்கொண்டேன். அவர் கையெழுத்துப் போட்டார். உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போதும் தலையைத் தூக்கி, "நாய் வூடு ரெண்டுக்குக் கேட்டுக்கு வெளியவே வெச்சிடச் சொல்லுங்க, அது கடிக்கும்" என்றார். கதவு மூடிக்கொண்டது.

அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் வெளியே பெஞ்சில் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிறது. போன் அடிக்கும். கலா பாய்ந்து எடுப்பாள். எடுத்த வேகத்தில் அந்தப் பக்கம் கட் செய்துவிடுவார்கள். திருப்பிக் கூப்பிட்டால் எடுக்க மாட்டார்கள், எடுப்பது வழக்கமே இல்லை. ஒரு அம்மாள் மட்டும் எடுத்து, "ஏன் கூப்பிடறீங்க, ஒரு கேன்தான், மறுபடி அடிச்சா ரெண்டுன்னு நெனச்சுக்காதீங்க" என்று வைத்துவிட்டார். எந்த வீடு என்று கேட்பதற்குள் போய்விட்டார். ஓட்டுநர்களில் மூத்தவர் பீட்டர். அவர் ஷெட்டிலிருந்து கூப்பிட்டு, வண்டியில் லோடு ஏற்றியாகிவிட்டது, எங்கே போவது என்று கேட்டார். தனா அண்ணன் சொல்லாமல் வண்டியைக் கிளப்பி அவருக்குப் பழக்கமே இல்லை.

"ஆஃப் பண்ணிப் போட்டுடலாங்க்கா இந்தச் சனியனை" என்றாள் கலா. "அவரு உசுரோட வந்தா போதும் எனுக்கு."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அவர் உயிரோடு எழுந்து வந்து, வாடிக்கையாளர் பாதிப் பேர் போய்விட்டார்கள் என்று தெரிந்தால், தையல் ஆறுவதற்கு முன்னாலேயே கேன் தூக்க ஓடுவார். அது நிச்சயம். அலுவலகத்தைக் கேட்டிருந்தால், போனில் இருக்கும் பெயர்களை எல்லாம் முகவரியோடு ஆப்பில் ஏற்றச் சொல்லியிருப்பார்கள். அந்த முகவரிகளைத் தெரிந்த ஒரே தலை மயக்க மருந்தில் இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தப் போனைப் புரிந்துகொள்ள முயற்சி செய்வதே தப்பு. எந்த வீட்டுக்கு வேண்டும் என்று நாம் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? வேண்டும் என்பவர் வீட்டு வாசலே அதைச் சொல்லட்டுமே.

கலாவிடம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் போனையே பார்த்தாள். பிறகு வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் போகிற மாதிரி குரல் பதிவு செய்தாள். முதல் தடவை அழுகை வந்து நின்றுவிட்டது. அடுத்த தடவை மூச்சைப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"தண்ணி கேன் தனா சம்சாரம் பேசறேங்க. அவருக்கு வவுத்துல ஆபரேஷன் நடந்துகினு கீது. யாரும் போன் பண்ணாதீங்க. தண்ணி வோணுன்றவங்க காலி கேனை வாசல்ல வெச்சிடுங்க. வண்டி உங்க தெருவுக்கு வரும். வாசல்ல கேன் இல்லன்னா வோணான்னு நெனச்சுப்போம். நாய் கீற வூட்டுக்காரங்க தயவுசெஞ்சு கட்டிப் போடுங்க."

பீட்டரிடம், தெருவின் இந்த முனையில் நுழைந்து அந்த முனையில் வெளியே வாருங்கள், வாசலில் காலி கேன் இருந்தால் எடுத்துக்கொண்டு நிறைந்ததை வையுங்கள், யாருக்கும் போன் போடாதீர்கள் என்று சொன்னேன். "அண்ணனுக்குத் தெரியுமா மேடம்?" என்று கேட்டார். "அண்ணன்தான் சொல்லச் சொன்னார்" என்றேன். அன்றைக்கு எனக்குப் பொய் சரளமாக வந்தது.

எல்லாம் சுபமாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். வாசலில் வைத்த காலி கேன்களைச் சில இடத்தில் யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு ஃபிளாட்டில் படிக்கட்டில் கேன் வைக்கக் கூடாது என்று சண்டைக்கு வந்தார்கள். தினமும் நிறையக் கேன் வாங்கிய ஒரு அலுவலகம் வேறு ஆளிடம் போய்விட்டது. ஆனால் மற்ற வீடுகளுக்கு ஒரு வாரத்தில் அது பழகிவிட்டது. இன்ன தெருவுக்கு இன்ன கிழமை என்று கலாவே பிரித்துக் கொடுத்தாள். ஒரே தெருவுக்கு மூன்று தடவை போன வண்டி ஒரு தடவை போனது. சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே ஷெட்டைப் பூட்டினார்கள். தனாவுக்கும் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார்.

தையல் ஆறிய பிறகு இரும்புலியூரில் அவர் வீட்டுக்குப் போனேன். மனிதர் தேறியிருப்பார், முகத்தில் களை வந்திருக்கும், நமக்கு நாலு நல்ல வார்த்தை கிடைக்கும் என்ற நப்பாசையோடுதான் போனேன். முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் போன் சும்மா கிடந்தது. வலியில் துடித்த அன்றுகூட அவர் முகம் அவ்வளவு தொய்ந்து நான் பார்த்ததில்லை.

"எப்படி அண்ணே இருக்கு?"

"கீறேன் மேடம்." மடியிலிருந்த போனைத் திருப்பிப் போட்டுவிட்டு, "வண்டி போவுது. வருது. யாரும் என்னை ஒரு வார்த்தை கேக்கறதில்ல. பீட்டரு காலைல வர்றான், வணக்கம் சொல்றான், போறான்" என்றார்.

"நல்லதுதானே?"

"இன்னா நல்லது?" குரல் உயர்ந்தது. "எத்தினி வருஷம் மேடம்! ஒரு நாள் லீவு போட்டதில்ல. தம்பி கல்யாணத்துல தாலி கட்டறப்போ மண்டபத்துக்கு வெளிய நின்னு போன் பேசிகினு இருந்தேன். நான் நின்னா தண்ணி நின்னுடும்னு நெனச்சேன். ஒரு மசுரும் நிக்கல. அப்போ இத்தினி வருஷம் நான் இன்னாத்துக்கு ஓடினேன்?"

எத்தனையோ கடைகளில் எத்தனையோ பேருக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறேன், இதற்கு மட்டும் யாரும் என்னைப் பழக்கவில்லை. ஒருவர் தோளிலிருந்து பாரத்தை இறக்கினால் அவர் சந்தோஷப்படுவார் என்று நாம் நினைக்கிறோம். அவர் அந்தப் பாரத்தைத்தான் தன் மதிப்பென்று நினைத்து இத்தனை நாள் சுமந்திருப்பார்.

அவர் போனை எடுத்து என்னிடம் காட்டினார். குரல் பதிவு ஒன்றைத் தயாராக வைத்திருந்தார். தான் குணமாகிவிட்டதாகவும், நாளையிலிருந்து எல்லோரும் பழையபடி தனக்கு மிஸ்டு கால் கொடுக்கலாம் என்றும் அதில் பேசியிருந்தார். இன்னும் அனுப்பவில்லை. "அனுப்பட்டுமா மேடம்?" என்று கேட்டார். ஆபரேஷனுக்கு முன்னால் பேசிய அதே கெஞ்சல் குரல்.

நான் வாயைத் திறப்பதற்குள் கலா சமையலறையிலிருந்து வெளியே வந்தாள். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே நிலைப்படியில் நின்றாள். அவள் எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை.

"அனுப்பு. உன் வியாபாரம், உன் இஷ்டம்" என்றாள். "ஆனா ஒண்ணு. தண்ணி நீ இல்லாமலும் போவும்னு பாத்துட்ட இல்ல? அன்னிக்கு அந்தக் கதவு மூடினப்போ நான் வெளிய ஒக்காந்து நெனச்சுகினேன். நீ வரலன்னா மறுநாள் இவுங்களுக்கெல்லாம் வேற ஒருத்தன் தண்ணி போடுவான். எனுக்கும் அந்தப் பொண்ணுக்கும் யாரு போடுவா? உன்னை வுட்டா வேற ஆளு இல்லாதவங்க நாங்க ரெண்டு பேருதான்யா. நாங்க ஒரு நாளும் உனுக்கு மிஸ்டு கால் குடுத்ததில்ல."

தனா அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பெரிய உடம்பு குலுங்க, சின்னப் பிள்ளை மாதிரி, வயிற்றுத் தையலைக் கையால் பிடித்துக்கொண்டு அழுதார். கலா பக்கத்தில் வந்து அவர் தலையைத் தன் இடுப்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமலே வெளியே வந்துவிட்டேன்.